மூன்று தவ் இடைவெளி

லாரி இன்ஜினில் மேல்பக்கம் கோளாறானால் வண்டி புகை தள்ளும், ஆயில் குடிக்கும், மேட்டில் முக்கும். இருந்தாலும் எப்படியாவது ஊர் வந்து சேர்ந்துவிடும். கீழ்ப்பக்கம், அதாவது கிராங்க் பேரிங்கில் கோளாறு வந்தால் நின்ற இடத்தில் நின்றதுதான். லோடை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும், வண்டியைக் கட்டி இழுத்துவர வேண்டும், கிராங்க் தப்பித்ததா, பிளாக் தப்பித்ததா என்று பிரித்துப் பார்க்கும்வரை ஓனருக்குத் தூக்கம் கிடையாது. 1980களில் நாமக்கல் பரமத்தி ரோட்டில் நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில், இதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார் மேஸ்திரி.

அங்கே வந்தவை பெரும்பாலும் லேலண்டும் டாடாவும்தான். டாடாவைப் பழைய டிரைவர்கள் ‘பென்ஸ்’ என்றே சொல்வார்கள். டெய்ம்லர் பென்ஸோடு 1954இல் தொடங்கிய கூட்டு 1969இல் முடிந்துபோன பிறகும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் 692, 697 என்று இரண்டு இன்ஜின்கள் எங்களுக்குப் பழக்கம். நம்பரிலேயே விவரம் இருக்கிறது: ஆறு சிலிண்டர், 92 அல்லது 97 மில்லிமீட்டர் போர். ஆறு சிலிண்டருக்கும் ஒரே கிராங்க். பிளாக்கில் அதைத் தாங்குவது ஏழு மெயின் பேரிங். ஆறு கனெக்டிங் ராடும் அதைப் பிடித்திருப்பது ஆறு பிக் எண்ட் பேரிங்கில். ஆக மொத்தம் பதின்மூன்று இடம். பதின்மூன்றிலும் கிளியரன்ஸ் சரியாக இருக்க வேண்டும். பன்னிரண்டு சரியாக அமைந்து ஒன்று மட்டும் தவறினால், இன்ஜின் அந்த ஒன்று தாங்கும் வரைதான் ஓடும்.

கிளியரன்ஸ் என்பது ஜர்னலுக்கும், அதாவது பேரிங்குக்குள் சுற்றும் கிராங்கின் உருண்டைப் பகுதிக்கும், பேரிங்குக்கும் நடுவே ஆயில் நிற்பதற்காக விடுகிற இடம். ஜர்னல் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு தவ் என்பது பட்டறைக் கணக்கு. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் தவ், மில்லிமீட்டரில் 0.0254. மூன்று அங்குல ஜர்னல் என்றால் மூன்று தவ், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். ஒவ்வொரு இன்ஜினுக்கும் கம்பெனி மேனுவலில் குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும். அதுதான் இறுதி. பட்டறைக் கணக்கு, ஏதோ பெரிய தப்பு நடக்கிறது என்று சட்டென்று கண்டுபிடிக்க மட்டும் உதவும். எங்கள் மேஸ்திரிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் லேலண்டு மேனுவலிலும் டாடா மேனுவலிலும் பேரிங் கிளியரன்ஸ் அச்சாகியிருக்கும் பக்கங்கள் அவருக்குத் தெரியும். அந்தப் பக்கங்களின் ஓரம் மட்டும் கிரீஸ் கையால் கறுத்திருக்கும்.

வண்டி வந்ததும் முதலில் காதுதான் வேலை செய்யும். மெயின் பேரிங் தட்டினால் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி கனமான சத்தம். லோடு ஏறும்போது அதிகமாகும். பிக் எண்ட் தட்டினால் சத்தம் கூர்மையாக இருக்கும்; ஆக்சிலேட்டரை ஏற்றிவிட்டுக் காலை எடுக்கும் நொடியில் நன்றாகக் கேட்கும். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, இன்ஜினை ஓடவிட்டு இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்வோம். டீசல் வெளியே ஒழுகி அந்த சிலிண்டர் வெடிப்பது நின்றவுடன் தட்டலும் அடங்கினால் ஆள் கிடைத்துவிட்டான். ஆனால் காதை நம்பி ஒரு பேரிங்கை மட்டும் மாற்றி அனுப்புவது மேஸ்திரிக்குப் பிடிக்காது. ஒன்று போயிருந்தால் அதன் தூள் ஆயிலில் கலந்து மற்றப் பன்னிரண்டுக்கும் போயிருக்கும். முழுக்கப் பிரிக்கத்தான் வேண்டும் என்பார். ஓனர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவர் மசியமாட்டார்.

பிரித்த கிராங்கை டீசலில் கழுவித் துடைத்து, செயின் பிளாக்கில் கயிறு கட்டி, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிடுவோம். மேஸ்திரி ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து ஜர்னல்களை இணைக்கும் ஒவ்வொரு வெப்பிலும் மெதுவாக ஒரு தட்டு தட்டுவார். நல்ல கிராங்க் ‘ணங்’ என்று கொடுத்து, அந்த ஒலி கொஞ்ச நேரம் நிற்கும். விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று செத்த சத்தம். அப்படி ஒரு கிராங்க் வந்தபோது அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “இதுக்கு மேல இதுக்குக் காசு போடாதீங்க” என்று ஓனரிடம் சொன்னார். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசி வைத்தோம். சிறிது நேரத்தில், பிக் எண்ட் ஜர்னல் முடிந்து வெப் தொடங்கும் வளைவில், வெள்ளைப் பொடியின்மேல் மெல்லிய ஈரக்கோடு ஒன்று பிறைபோல் எழுந்தது. இன்று கிரைண்டிங் பட்டறைகளில் காந்தம் ஏற்றி, இரும்புத்தூள் கலந்த திரவம் ஊற்றி விரிசல் பார்க்கும் மெஷின் இருக்கிறது. அதில் பார்க்க வசதியுள்ளவர்கள் பார்த்தே ஆக வேண்டும். சுத்தியல் சத்தம் பெரிய விரிசலைத்தான் சொல்லும்.

அடுத்தது அளவு. மேஸ்திரியிடம் ஜப்பான் மிட்டுடோயோ மைக்ரோமீட்டர் இரண்டு இருந்தன. மரப்பெட்டியில் மல்துணி சுற்றி, மெல்லிதாக ஆயில் பூசி வைத்திருப்பார். கடன் கேட்டுவந்த எவருக்கும் அதைக் கொடுத்ததில்லை. அளக்கும் முன் வாய் இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத்தாளை லேசாகப் பிடித்து இழுத்துத் துடைப்பார். பிறகு ஸ்டாண்டர்டு கட்டையை வைத்து ஜீரோ சரிபார்ப்பார். ஜர்னலில் வைத்து ராட்செட்டைத் திருப்புவார். ‘க்ளிக், க்ளிக், க்ளிக்’ மூன்றோடு நிறுத்துவார். ராட்செட்டை விட்டுத் திம்பிளையே பிடித்து முறுக்கினால் ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வோர் அளவு வரும்.

“ஒரு ஜர்னல்ல எத்தன எடத்துல வெச்சே கண்ணு?”

“நாலு எடத்துலங்ண்ணா. முன்னோரம் ரெண்டு, பின்னோரம் ரெண்டு.”

“குறுக்கயும் நெடுக்கயுமா?”

“ஆமாங்ண்ணா.”

“எழுது.”

எழுதாத அளவை அவர் அளவாகவே எடுத்துக்கொள்ளமாட்டார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதின்மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு எண் எழுத வேண்டும். நான்கு இடம் ஏன் என்றால், ஜர்னல் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் வெடித்து அடிக்கிற அடி பிக் எண்ட் ஜர்னலின் ஒரே பக்கத்தில்தான் ஒவ்வொரு முறையும் விழுகிறது. அந்தப் பக்கம் அதிகம் தேய்ந்து ஜர்னல் முட்டை வடிவமாகிவிடும். குறுக்கே அளந்தால் அது தெரியும். முன்னோரம் ஒரு அளவும் பின்னோரம் ஒரு அளவும் இருந்தால் டேப்பர். ஓரிடத்தில் மட்டும் அளந்தவனுக்கு இரண்டும் தெரியாது; அவன் போடும் புது பேரிங் ஒருபக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் இருக்கும். வட்டத்தில் அரைத் தவ் வித்தியாசத்துக்கு மேல் போனாலே மேஸ்திரி கிரைண்டிங்குக்கு அனுப்பிவிடுவார்.

வெயிலையும் அவர் கணக்கில் வைத்தார். கிரைண்டிங் முடிந்து திறந்த டெம்போவில் சித்திரை வெயிலில் வந்திறங்கும் கிராங்கைத் தொட்டால் கை சுடும். அதை அன்றைக்கே அளக்கவிடமாட்டார். நிழலில் மரக்கட்டை மேல் இரவு முழுக்கக் கிடக்க வேண்டும். பக்கத்திலேயே மைக்ரோமீட்டர் பெட்டியும் கிடக்கும். காலையில் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போதுதான் அளவு. இதை ஏதோ சம்பிரதாயம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பின்னால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைக்ரோமீட்டரைவிட கிராங்க் 25 டிகிரி சூடாக இருந்தால், 70 மில்லிமீட்டர் ஜர்னல் 0.02 மில்லிமீட்டர் பெருத்துக் காட்டும். முக்கால் தவ்வுக்கு மேல். மொத்தமே மூன்று தவ் இடைவெளியில் கால்வாசி அங்கேயே பொய்யாகிவிடுகிறது.

கிரைண்டிங்கில் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் குறைப்பார்கள். பழைய ஆட்கள் பத்து தவ், இருபது தவ், முப்பது, நாற்பது என்பார்கள். அந்தந்த அளவுக்கு அண்டர்சைஸ் பேரிங் கடையில் கிடைக்கும். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கிராங்க் இருபது தவ் குறைத்தாயிற்று, பேரிங் பெட்டியில் இருபது என்று அச்சடித்திருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சரியாகத்தானே இருக்கும் என்று நேராகக் கட்டிவிடுகிறார்கள். கிரைண்டிங்காரர் ஒரு தவ் கூடுதலாக எடுத்திருக்கலாம். பிளாக்கில் பேரிங் உட்காரும் ஓட்டை முன்பு ஒருமுறை சூடேறி வடிவம் மாறியிருக்கலாம். பேரிங்கே போலியாக இருக்கலாம். மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை.

கிரைண்டிங்கில் இன்னொரு ஆபத்து, ஜர்னல் முடிந்து வெப் தொடங்கும் அந்த வளைவு. ஃபில்லட் ரேடியஸ் என்பார்கள். கல்லின் ஓரம் சரியாக டிரெஸ் செய்யப்படாமல் அந்த வளைவு கூர்மூலையாகிவிட்டால், கிராங்க் முறிவது அங்கேதான். வளைவை வேண்டியதைவிடப் பெரிதாக விட்டாலும் பேரிங் ஓரம் அதில் ஏறி உட்கார்ந்து உராயும். மேஸ்திரி ரேடியஸ் கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே கட்டைவிரல் நகத்தை அந்த வளைவில் ஒரு சுற்று ஓட்டுவார். நகம் தடுக்கினால் கிராங்க் திரும்பவும் அதே டெம்போவில் ஏறும்.

ஒரு லேலண்டு வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும். வெளியூரில் எங்கோ முழு இன்ஜின் வேலை முடித்து, நாமக்கல்லில் முட்டை ஏற்ற வந்த வண்டி. புது இன்ஜின் கட்டிய சூடு ஆறுவதற்குள் தட்ட ஆரம்பித்துவிட்டது. பிரித்தோம். கிராங்க் அளவு சரி. கிளியரன்ஸ் சரியாகத்தான் விட்டிருக்கிறார்கள். ஆனால் ஐந்தாவது பிக் எண்ட் பேரிங் முழுக்கச் சுரண்டப்பட்டு, செம்பு நிறம் தெரிய, ஜர்னலில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. மற்ற பேரிங்குகளிலும் கறுப்புப் புள்ளிகள் பதிந்திருந்தன. மேஸ்திரி ஒரு புள்ளியை ஊசியால் கிளறி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். நறநறவென்றது. கிரைண்டிங் கல்லின் தூள். கிராங்குக்குள் மெயின் ஜர்னலிலிருந்து பிக் எண்ட் ஜர்னலுக்கு ஆயில் போகத் துளை போட்டிருக்கும். கிரைண்டிங் செய்யும்போது கல்தூளும் இரும்புத்தூளும் கூலன்டும் சேர்ந்த சகதி அதற்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வண்டியின் கிராங்கில் துளைகளின் பிளக்கை யாரும் கழற்றவே இல்லை. வெளியே மட்டும் கழுவிக் கட்டியிருந்தார்கள். இன்ஜின் ஓடி, சூடான ஆயில் சகதியைக் கரைத்து, நேராகப் பேரிங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

எங்கள் பட்டறையில் அந்தத் துளைகளைச் சுத்தம் செய்வதுதான் புதுப் பையன்களுக்கு முதல் வேலை. பிளக்கைக் கழற்றி, நீளக் கம்பி பிரஷ் விட்டு மண்ணெண்ணெயில் தேய்த்து, காற்றடித்து, வெள்ளை வேட்டித்துணியைக் கம்பி முனையில் சுற்றி உள்ளே விட்டு இழுக்க வேண்டும். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடமாட்டார். கை விரல் நுனியெல்லாம் வெந்துபோகும். அந்த லேலண்டைப் பார்த்த பிறகு எங்களில் ஒருவரும் அந்த வேலையைக் குறைசொல்லவில்லை.

பேரிங் என்று நாங்கள் சொல்லும் அந்த அரைவட்டத் தகடு லேசான பொருளாகத் தெரியும். முதுகு இரும்பு, அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த படலம், அதற்கும் மேலே ஈயமும் தகரமும் கலந்து, ஒரு தவ்வுக்கும் குறைவான மேல்பூச்சு. 1839இல் அமெரிக்காவில் ஐசக் பேபிட் கண்டுபிடித்த மெதுவான உலோகக் கலவையின் வழிவந்தது அந்தப் பூச்சு. மெதுவாக இருப்பதுதான் அதன் பலம்: ஆயிலில் வரும் சின்னத் தூசியைத் தனக்குள் அமுக்கி விழுங்கிக்கொண்டு ஜர்னலைக் காப்பாற்றும். எல்லை மீறினால் லேலண்டுக்கு வந்த கதி.

அந்தத் தகடு சரியாக அரைவட்டம் இல்லை, மயிரிழை அதிகம். பிளாக்கில் உட்காரவைத்தால் இரண்டு முனையும் கொஞ்சம் மேலே துருத்தும். பேரிங்கின் மறுபாதியைத் தாங்கும் கேப்பைப் போட்டு டார்க் ரென்ச்சில் இறுக்கும்போது அந்தத் துருத்தல் நசுங்கி, பேரிங் தன் இருக்கையில் அசையாமல் பிடித்துக்கொள்ளும். இது தெரியாமல் முனையை அரம் போட்டு ராவிச் சமப்படுத்துபவர்கள் உண்டு. பேரிங் பிடிப்பு விட்டு இருக்கைக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். ஆயில் துளை மூடிக்கொள்ளும். பிறகு ஒன்றும் மிஞ்சாது. தேய்ந்த இன்ஜினில் சத்தத்தை அடக்க கேப்பை ராவிவிடுவது, பேரிங் முதுகில் பித்தளைத் தகடோ சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளோ வைத்துக் கட்டுவது என்று குறுக்குவழிகள் பல அப்போது புழக்கத்தில் இருந்தன. விற்கப் போகும் வண்டிக்குத்தான் பெரும்பாலும் அப்படிச் செய்யச் சொல்வார்கள். மேஸ்திரி கோபப்பட்டு நான் பார்த்தது அந்தப் பேச்சு வந்தபோது மட்டும்தான். வாங்குகிறவன் குடும்பத்தோடு கடன்பட்டு வாங்குவான், அவன் தலையில் இதைக் கட்டச் சொல்கிறாயா என்று கேட்டு, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து வண்டியை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்.

கேப்புகளை இடம் மாற்றவும் கூடாது, திருப்பிப் போடவும் கூடாது. பிளாக்கோடு சேர்த்துக் கட்டித்தான் கம்பெனியில் அந்த ஓட்டைகளைப் போர் செய்திருப்பார்கள். அதனால் பிரிக்கும்போதே நம்பர் பார்த்து, இல்லாவிட்டால் பஞ்ச் அடித்து வைப்போம்.

கிளியரன்ஸ் அளக்க, பேரிங்கைப் போட்டு, கேப்பை முழு டார்க்குக்கு இறுக்கி, உள்விட்டத்தைப் போர் கேஜில் எடுத்து, அதிலிருந்து ஜர்னல் அளவைக் கழிக்க வேண்டும். கேப் சேரும் கோட்டுக்கு நேர்செங்குத்தாக அளக்க வேண்டும். சேரும் இடத்தில் பேரிங் கனம் வேண்டுமென்றே கொஞ்சம் குறைக்கப்பட்டிருக்கும் என்பதால் அங்கே அளந்தால் தப்பான எண் வரும். போர் கேஜ் இல்லாத பட்டறைகளில் மெல்லிய ஈயக்கம்பியை வைத்து இறுக்கி, நசுங்கிய கனத்தை மைக்ரோமீட்டரில் பார்ப்பார்கள். ஈயக்கம்பி கொஞ்சம் தடிமனாகிவிட்டால் பேரிங் மேல்பூச்சிலேயே பள்ளம் விழுந்துவிடும். எனக்கு அதில் என்றுமே உடன்பாடில்லை.

பிளாஸ்டிகேஜை நான் முதலில் பார்த்தது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பாகக் கடையில். தாள் உறைக்குள் நூல்போல மெழுகுக் கம்பி. பச்சை என்றால் ஒன்று முதல் மூன்று தவ் வரை அளக்கலாம். சிவப்பு இரண்டு முதல் ஆறு. நீலம் நான்கு முதல் ஒன்பது. பிளாக்கைக் கவிழ்த்து வைத்து, ஜர்னலை ஆயில் இல்லாமல் துடைத்து, அதன் நீளவாக்கில் ஒரு துண்டு வைத்து, கேப்பை முழு டார்க்குக்கு இறுக்கிக் கழற்றினால், நூல் பட்டையாக நசுங்கியிருக்கும். உறையில் அச்சிட்ட கோடுகளோடு அந்த அகலத்தை ஒப்பிட்டால் கிளியரன்ஸ் தெரிந்துவிடும். நன்றாக நசுங்கி அகலமானால் இடைவெளி குறைவு. அகலமாகாமல் நின்றால் அதிகம். ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும் இருந்தால் டேப்பர். இறுக்கியிருக்கும்போது கிராங்கை ஒரு துளிகூடத் திருப்பக் கூடாது. மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தன் காலண்டர் தாளில் எழுதியிருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஒத்துப்போயிற்று. “நல்ல சாமான்தான். ஆனா கிராங்க் முட்டையா இருந்தா இது சொல்லாது” என்றார். அது உண்மை. நூல் வைத்த ஒரு கோட்டில்தான் அது அளக்கிறது. கிராங்கைத் திருப்பி இன்னொரு பக்கத்திலும் வைத்துப் பார்ப்பவர்கள் அபூர்வம். மைக்ரோமீட்டருக்குத் துணையாக அதை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மாற்றாக அல்ல.

இந்த இடைவெளிக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கு விளங்கியது, பகுதிநேர டிப்ளமோ படிக்கப் போன பிறகு. 697 இன்ஜினின் 97 மில்லிமீட்டர் பிஸ்டன் மேல், சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ அழுத்தத்தில் வெடிப்பு அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 6 டன் பளு. ஆயில் பம்ப் கொடுக்கும் அழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்கு நான்கைந்து கிலோதான். பிறகு 6 டன்னைத் தாங்குவது எது? 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்கில் சோதனை செய்துகொண்டிருந்தார். ஆயில் ஊற்றுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றியதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்துவிட்டது. மரமுளை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தபோது, பேரிங்மேல் இருந்த சராசரிப் பளுவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. மூன்று ஆண்டு கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். மழையில் வேகமாகப் போகும் வண்டியின் டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர்மேல் ஏறிவிடுவதுபோல, சுற்றுகிற ஜர்னல் ஆயிலை ஆப்பு வடிவத்தில் தன்கீழ் இழுத்து, அதன்மேல் ஏறிக்கொள்கிறது. பம்பின் வேலை ஆயிலைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும். தாங்குவது அந்த ஆப்பு.

அந்த ஆப்பு அமைய இடைவெளி வேண்டும். அதுவும் அளவோடு வேண்டும். குறைந்துபோனால் ஆயில் நுழைய வழியில்லாமல் சூடேறி, பேரிங் ஜர்னலைப் பிடித்துக்கொள்ளும். கூடிப்போனால் ஓரங்களில் ஆயில் ஒழுகிவிடும். அந்த ஒழுகலின் கணக்கு பயங்கரமானது: இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுகுவது எட்டு மடங்காகும். ஆயில் முதலில் மெயின் பேரிங்குக்கு வந்து, அங்கிருந்து கிராங்க் துளை வழியாகத்தான் பிக் எண்டுக்குப் போகிறது. மெயினில் ஒழுகிப்போனால் பிக் எண்டுக்கு மிச்சமில்லை. பிக் எண்ட் போன வண்டிகளில் மெயினையும் அளக்காமல் விடக்கூடாது என்று மேஸ்திரி அடம்பிடித்ததற்கு அர்த்தம் அன்றைக்குப் புரிந்தது. அவர் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. போன பேரிங்குகளை வரிசையாக மேஜைமேல் அடுக்கிப் பார்த்துப் பார்த்தே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

டிரைவருக்கும் இதில் பங்கு உண்டு. சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் தொப்பூர் மேட்டில், கியர் இறக்காமல் டாப்பிலேயே இழுத்து ஏற்றினால், இன்ஜின் மெதுவாகச் சுற்றும், பளு உச்சத்தில் இருக்கும். ஆப்பு மெலிந்து போவது அந்த நேரத்தில்தான். கிளட்ச் பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுபவர்களின் கிராங்கில் த்ரஸ்ட் வாஷர் தேயும். கிராங்க் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும். இந்த எண்ட் பிளேயையும் டயல் கேஜ் வைத்து, கிராங்கை நெம்புகோலால் முன்னும் பின்னும் தள்ளி அளப்போம். வாஷரில் ஆயில் கோடு வெட்டியிருக்கும் முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் பிளாக்கோடு ஒட்டியிருக்க வேண்டிய முகம் கிராங்கோடு உராயும்.

கடைசியாகக் கட்டுவது. பேரிங் முதுகைச் சுத்தமாக உலரத் துடைத்து, முகத்தில் மட்டும் ஆயில் தாராளமாக ஊற்றி, கிராங்கை இரண்டு பேர் தூக்கி நேராக இறக்குவோம். நடு மெயினில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும். ஒவ்வொரு கேப்பை இறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்ற வேண்டும். எந்தக் கேப்பில் கனம் கூடியதோ அந்த இடத்தில் கோளாறு. ஏழையும் இறுக்கிவிட்டுச் சுற்றினால் எது என்று தெரியாது. ஏழும் இறுக்கிய பிறகு, பிளைவீல் பக்கம் இரண்டு கையால் பிடித்துத் திருப்பினால், கெட்டியான ஆயிலின் இழுப்பு மட்டும் கையில் தெரிய, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விட்டால் கிராங்க் வளைந்திருக்கிறது. வண்டியில் ஏற்றிய பிறகும் உடனே ஸ்டார்ட் செய்யவிடமாட்டார். ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்து, ஆயில் மீட்டரில் ஊசி எழுந்த பிறகுதான் டீசல்.

இப்போது வரும் இன்ஜின்கள் வேறு. டர்போ, காமன் ரெயில் எல்லாம் சேர்ந்து வெடிப்பின் அழுத்தம் 150 பாரைத் தாண்டிவிட்டது, ஆயில் மெலிந்துவிட்டது. கிராங்கிலும் பிளாக்கிலும் கிரேடு குறி போட்டு, அதைப் பார்த்து ஒவ்வொரு ஜர்னலுக்கும் தனித்தனிக் கனத்தில் பேரிங் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. அளவின் கண்டிப்பு கூடியிருக்கிறது. ஆனால் வேலைக்குக் கொடுக்கும் நேரம் குறைந்திருக்கிறது. ஒரு நாள் வண்டி நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று ஓனர் அவசரப்படுத்துகிறார். அந்த அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது அளக்கும் வேலைதான், ஏனென்றால் இன்ஜின் கட்டி முடித்த பிறகு அது நடந்ததா இல்லையா என்று வெளியே தெரியாது. நல்ல மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். கேட்கிற ஓனர் இருந்தால் அவர்களும் நிம்மதியாக அளப்பார்கள்.

ஆகவே லாரி, டிராக்டர், போர்வெல் வண்டி, எதுவாக இருந்தாலும், இன்ஜினை வேலைக்கு விடுகிறவர்கள் இதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பில்லோடு சேர்த்து ஒரு தாள் கேளுங்கள்: இன்ஜினில் உள்ள எல்லா மெயின், எல்லா பிக் எண்ட், ஒவ்வொன்றின் ஜர்னல் அளவு, பேரிங் உள்விட்டம், கிளியரன்ஸ், பிறகு எண்ட் பிளே. தாளில் எண் இல்லாவிட்டால், ஆயில் பான் மூடுவதற்கு முன் உங்கள் கண்ணெதிரே அளந்து எழுதச் சொல்லுங்கள். அதற்காக வண்டி இன்னொரு நாள் பட்டறையில் நின்றாலும் நிற்கட்டும்.